ஊர் நினைவு யாருடைய உரித்து?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட கரையோரமாகக் கீரிமலை தொடக்கம் பலாலி வரை பரந்து கிடக்கும் வலிகாமம் வடக்கு, செம்மண்ணுக்கும் நன்னீர்க் கிணறுகளுக்கும் பெயர்பெற்ற பூமியாகும். புகையிலையும் வெங்காயமும் திராட்சையும் விளைவித்த கமக்காரர், மயிலிட்டிக் கடலை நம்பி வாழ்ந்த கடற்றொழிலாளர், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோர், கொழும்பிலே உத்தியோகம் பார்த்து விடுமுறைக்கு யாழ்தேவியில் வந்திறங்கியோர் என்று பல திறத்தாரும் அங்கே வாழ்ந்தனர். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர்களுடைய கிராமங்களில் பல முற்றாக வெறுமையாயின. 'முற்றாக' என்ற சொல்லைச் சற்று அழுத்தியே வாசிக்க வேண்டும். மற்றைய ஊர்களிலிருந்து சிலர் போனார்கள், சிலர் இருந்தார்கள். போனவர்கள் நினைவைக் கொண்டு போனார்கள், இருந்தவர்கள் ஊரை வைத்துக்கொண்டார்கள். இந்தக் கிராமங்களிலோ ஊரை வைத்துக்கொள்ள ஒருவரும் மிஞ்சவில்லை. கோயில் மணியை அடிக்கவும் ஆளில்லை. நிலம் அதி உயர் பாதுகாப்பு வலயத்தின் முட்கம்பிக்குப் பின்னால் இருந்தது. ஊர் என்பது கலைந்துபோன மனிதரின் பேச்சிலே மாத்திரம் இருந்தது.

அப்படிப் பேச்சிலே மாத்திரம் இருந்த ஊர் யாருக்குச் சொந்தம்? தன் ஊரைத் தான் விரும்பியபடி நினைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டா? அன்றி, காணியைப் போல நினைவுக்கும் எல்லை, பங்கு, பங்காளர் என்பன உண்டா? இது பண்டிதர்கள் மடத்துத் திண்ணையிலிருந்து விவாதிக்கும் விடயம் அன்று. ஊர் திரும்பியவர்களும் திரும்பாதவர்களும் ஒருவரோடொருவர் பேசும் ஒவ்வொரு தடவையும் இக்கேள்வி எழுந்துகொண்டேயிருக்கிறது.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்குதல் வேண்டும். முன்னாள் ஊரவர் என்றவுடன் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர்களையே பலரும் எண்ணுகின்றனர். மல்லாகம் கோணாப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை நலன்புரி நிலையத்திலும் இருபது வருடங்களுக்கு மேலாகக் கொட்டிலில் வாழ்ந்தவர்களும் முன்னாள் ஊரவர்களே. அவர்களிற் பலருக்குத் தம்முடைய வளவு சைக்கிளில் ஒரு மணித்தியாலத்திற்குட்பட்ட தூரந்தான். ஆயினும் கனடாவிலிருந்தவருக்கு எவ்வளவு எட்டாததோ அவ்வளவு எட்டாததாகவே அது அவர்களுக்கும் இருந்தது. இன்னுஞ் சொன்னால், கனடாவிலிருந்தவர் வெற்றிலைக் கொடியையும் மாமரத்தையும் நினைத்து அழுதார். நலன்புரி நிலையத்திலிருந்தவர் அடுத்த மாரிக்குக் கிடுகு எங்கே வாங்குவது என்று யோசித்தார். நினைப்பதற்கும் ஓய்வு வேண்டும். ஊரின் இனிய நினைவுகள் பெரும்பாலும் வெளிநாட்டிலே எழுதப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம்.

செய்தி போய்ச் சேர்ந்த விதத்தையும் இங்கே சொல்லல் வேண்டும். 1990 தொடக்கம் 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. இரவிலே பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து ஒலித்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டு உலகச் செய்தி அறிந்தவர்களுக்கு, கொழும்பிலிருந்த சொந்தச் சகோதரனின் செய்தி தெரியாது. கிளாலிக் கடலைக் கடந்து போகிறவர் ஒருவர் அகப்பட்டால் அவருடைய பையிலே பத்துக் கடிதங்கள் ஏறும். அவர் கொழும்பில் அவற்றைத் தபாலிற் போட்டால், அதன் பிறகே அவை கடல் கடந்து போகும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமமே பெயர்ந்தபோது, ஏற்கெனவே இடம்பெயர்ந்திருந்தவர்கள் இரண்டாந் தடவையாகவும் பெயர்ந்தனர். யார் தென்மராட்சியில், யார் வன்னியில், யார் வழியிலே தவறினார் என்பது அறிய மாதக்கணக்காயிற்று. 2002ஆம் ஆண்டு ஏ9 பாதை திறந்தபோது வந்திறங்கிய வெளிநாட்டு உறவினர்களிற் சிலர், தமக்குப் பிரியமானவர்கள் இறந்த செய்தியை அவர்கள் வீட்டுப் படலையில் நின்றே முதன்முதலாகக் கேட்டனர்.

மரணச் செய்தி சொல்லும் விடயத்திலே சைவ மக்களின் வழக்கம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. முன்னாளில் ஊரிலே ஒரு சாவு நிகழ்ந்தால் ஆளனுப்பி வீடு வீடாகச் சொல்லப்படும். தூரத்திலிருப்போருக்குத் தந்தி போகும். பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் சொல்லாமல் விடுவதில்லை. வருவதும் வராததும் அவர்கள் பாடு, சொல்வது சாவீட்டாரின் கடமை. கேட்டவரைத் துடக்குச் சாரும். நாள் கடந்து கேட்டவருக்கும் ஆசௌச விதி உண்டு. இதன் உட்பொருள் யாது? இறப்பு எங்கோ நிகழ்ந்துவிட்டது, ஆனால் கேட்பவருடைய கடமை கேட்ட கணத்திலேதான் பிறக்கிறது. செய்தி என்பது தகவல் மாத்திரம் அன்று, கேட்டவரை அது கட்டும். ஆகவே, கேளாமலிருந்தால் கட்டு இல்லை என்று காதைப் பொத்திக்கொள்ளும் ஒரு குணமும் மனிதருக்கு உண்டு. ஊர் நினைவுகளை ஓயாது பேசுகிற சிலர் ஊர்ச் செய்திகளைக் கேட்க விரும்பாமலிருப்பதற்கு இதுவே காரணம் எனலாம். நினைவு எதையும் கேட்பதில்லை. செய்தி ஏதாவது கேட்கும்.

உதாரணமாக ஒன்றைச் சொல்லலாம். கோயில் வீதியிலே நின்ற ஒரு பழைய வேம்பு உள்ளே கோறையாகி விழும் நிலைக்கு வருகிறது. திருவிழாக் காலத்தில் கொப்பு முறிந்து பிள்ளைகள் மேல் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து ஊரிலுள்ளோர் அதைத் தறிக்கின்றனர். மறுநாட் காலை கைத்தொலைபேசியிலே மூன்று கண்டங்களிலிருந்து கோபம் வருகிறது. அந்த வேம்பின் கீழேதான் சிறுவயதிற் கிளித்தட்டு விளையாடினோம், எங்களைக் கேளாமல் எப்படித் தறித்தீர்கள் என்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் பொய்யன்று. அவர்களுடைய வேம்பு 1985ஆம் ஆண்டிலே பச்சையாக நிற்கிறது, ஊரிலுள்ளோரின் வேம்பு இந்த வருடத்து வேம்பு. வருத்தப்படுவதற்கு எல்லோருக்கும் பங்குண்டு. ஆனால் மரத்தின் கீழ் நடமாடுகிறவரின் தலைக்கு முதலிடம் கொடுத்தல் வேண்டும். அதேவேளை, தறிப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற குறையும் நியாயமானதே. திருப்பணிக்குப் பணம் வேண்டும்போது மாத்திரம் தொலைபேசி எடுக்கும் வழக்கம் நல்லதன்று.

சொல்லாமற் செய்தல் பிழை என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய கொள்கையும் அன்று. 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தேசவழமைகளைத் தொகுத்தபோது, காணி விற்க விரும்புகிறவர் உரிமைக்காரருக்கும் பங்காளருக்கும் முன்னதாக அறிவிக்கும் வழக்கம் இருந்ததைப் பதிந்தார். பின்பு அவ்வறிவித்தல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவாலயத்தில் வாசிக்கப்படல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டிருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமும் பிரிவுபடாத பங்கை விற்பவர் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்கிறது. தன் சொத்தை விற்பவனே அயலாருக்குச் சொல்லிவிட்டு விற்க வேண்டும் என்று கருதிய ஒரு சமூகம், எல்லோருக்கும் பொதுவான ஒன்றை மாற்றும்போது சொல்லாமற் செய்யலாமா?

காணி உறுதியை எடுத்து வாசிப்போருக்கு இன்னுமொரு விடயம் புலப்படும். உறுதியிலே ஒரு காணி இன்ன இடத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்லப்படுகிறது? இன்ன பெயருடைய காணி, இத்தனை பரப்பு, இத்தனை குழி. இதற்கு எல்லை: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் காணி, மேற்கு இன்னாரும் பங்காளரும், தெற்கு இன்னார் பெண்சாதி இன்னார். கடைசியாக, கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் என்று முடியும். ஆக, ஒருவருடைய சொந்தக் காணியை அடையாளங் காட்டுவது அயலாரின் பெயரே. நான்கு பக்கத்தாரின் பெயர்களை எடுத்துவிட்டால் நடுவிலிருப்பவருக்குக் காணி எங்கேயென்று தெரியாது. கிணறோ முழுதாக ஒருவருக்குச் சொந்தமாவது அபூர்வம். முறை வைத்து, நாட்கணக்குப் பார்த்து, பங்காளர் இறைப்பார்கள்.

இது வெறும் எழுத்து வழக்கம் அன்று என்பது காணிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது கண்கூடாகத் தெரிந்தது. 2017ஆம் ஆண்டு யூலையிலே மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் வேறு பல பகுதிகளும் விடுபட்டன. உள்ளே போனவர்கள் கண்டது பற்றையும் இடிந்த சுவரும். கூரையில்லை, கதவு நிலைகளில்லை. சில இடங்களில் வீடு நின்ற அடையாளமே இல்லை. கிடுகு வேலியும் கதியாலும் போனபின் எது யாருடைய வளவு என்று தெரியவில்லை. பலருடைய உறுதிகள் இடப்பெயர்விலே தொலைந்திருந்தன. தோம்பும் நில அளவை வரைபடமும் ஒரளவு உதவின. மிச்சத்துக்கு உதவியது கிணறு. கிணற்றைக் கண்டவர்கள் அதிலிருந்து அடியளந்து வாசற்படியைக் கண்டார்கள். கிணறும் தூர்ந்துபோன இடங்களிலே வயோதிபர்களின் ஞாபகமே சாட்சியாயிற்று. அவ்வயோதிபர்களிற் சிலர் வெளிநாட்டிலே இருந்தனர். தொலைபேசியில், பூவரசுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டு எல்லைக் கல் நாட்டிய குடும்பங்களும் உண்டு. நினைவு பொழுதுபோக்கன்று, அது சாட்சியம் என்பதை அப்போது எல்லோரும் உணர்ந்தனர். சாட்சியம் என்றால் அதைத் தனக்கு வசதியாகச் சொல்ல முடியாது. ஒருவர் தன் வேலியை ஒரு முழம் தள்ளி நினைத்தால் அடுத்தவருடைய காணி ஒரு முழம் குறையும்.

காணிக்குப் பொருந்துவது ஊருக்கும் பொருந்தும் என்பதே இங்கு சிந்திக்க வேண்டியது. ஒருவருடைய ஊர் நினைவுக்கும் நான்கு எல்லைகளிலும் அயலார் உண்டு. அவர்களுடைய பெயர்கள் அதிலே இருக்கின்றனவா?

அந்தியேட்டியிலே வெளியிடப்படும் நினைவு மலரைக் கல்வெட்டு என்று அழைப்பது யாழ்ப்பாணத்து மரபு. இறந்தவரின் பிறப்பு, குலம், உத்தியோகம், பிள்ளைகள், பேரர் எல்லாம் பாட்டாக வரும். தேவாரமும் புராணமும் வரும். சிலவற்றில் ஊர் வரலாறும் வரும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபின், ஊர்களின் வரலாற்றை அறிய இத்தகைய சிறு மலர்கள் எத்துணை பயன்படுகின்றன என்பதை ஆய்வாளர்கள் அறிவர். ஆயினும் கல்வெட்டிலே குறை சொல்லும் வழக்கம் இல்லை. துக்கம் ஆறாத நாளில் அது சரியான மரியாதையே. பிரச்சினை என்னவென்றால், ஊரையும் கல்வெட்டுப் பாணியிலேயே நினைத்துப் பழகியமைதான். அக்காலத்தில் களவில்லை, படலை பூட்டியதில்லை, எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகளாக இருந்தோம் என்று பேசுவார்கள். இறந்தவரைப் பற்றிப் பாடினால் அவர் வந்து மறுக்கமாட்டார். ஊரிலோ மறுக்கக்கூடியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

அந்தத் தாயின் பிள்ளைகளிற் சிலருக்குப் பொதுக் கிணற்றில் அள்ள அனுமதி இருக்கவில்லை. தேநீர்க் கடையில் அவர்களுக்கு வேறு பாத்திரம் இருந்தது. கோயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இவ்வாறு தடுப்பதைக் குற்றமாக்கியது. அதன் பின்னரும் பத்து வருடங்களுக்கு மேலாகக் கதவுகள் திறக்கவில்லை. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்துக்காக மக்கள் வீதியில் இருந்தமை நாடறிந்த வரலாறு. வலிகாமம் வடக்கைப் பற்றி வாய் ஓயாது பேசும் பலருடைய நினைவிலே அந்த வருடம் இல்லை. அதே வீதிகளும் அதே தேரும் இருக்கின்றன. வெளியே நின்றவர்களைக் காணவில்லை. அவர்களும் 1990இல் அதே நாளிலே, அதே ஒழுங்கையாலே மூட்டை கட்டி வெளியேறியவர்கள்தாம். அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஊர் நினைவு உண்டு. அது பொற்காலமாக இல்லை என்பதால் அது ஊர் நினைவு அன்று என்று சொல்ல எவருக்கும் உரித்தில்லை.

அதே 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே யாழ்ப்பாண முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். சில மணித்தியால அவகாசமே கொடுக்கப்பட்டது. பெரும்பாலானோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தனர். அவர்களிற் பலர் யாழ்ப்பாண நகரத்தவர்கள் என்றாலும் கிராமங்களுக்கு அந்நியர் அல்லர். பிடவை மூட்டையோடு வந்து படலையில் நின்று, தவணை முறையிற் கொடுத்து, கலியாண வீடு எங்கே, பிள்ளைப் பேறு எங்கே என்று அறிந்து வைத்திருந்தவர்கள். ஊர்க் கதைகளிலே அவர்கள் பெயரில்லாமல், 'அந்தப் பிடவைக்காரர்' என்று வருவார்கள். அவர்களுடைய கதையிலோ அந்த வீடுகளின் பெயர்கள் இருக்கும். கொப்பியிலே கடன் எழுதி வைத்திருந்தவருக்குப் பெயர் மறக்குமா? சில மாதங்களுக்கு முன்னர்தான் வீடிழந்திருந்த தமிழர், அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. அது பற்றிய நினைவு பேச்சில் வருவது அரிது.

இவ்விடத்தில் ஒரு சாரார் தக்க மறுப்பொன்றைக் கூறுவர். பட்ட துன்பம் போதாதா, சிதறிப் போன மக்கள் ஒன்று சேர்வதே நல்ல நினைவுகளால்தான், பழைய புண்களைக் கிண்டினால் இருக்கிற ஒற்றுமையும் போய்விடும், மறதியும் இறைவன் தந்த வரமே என்பர். இதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. சைவ சித்தாந்தத்திலே மறைத்தலும் ஐந்தொழில்களில் ஒன்றாகவே கொள்ளப்படுகிறது. முற்பிறப்பெல்லாம் நினைவிலிருந்தால் ஓர் உயிர் இப்பிறப்பை எப்படி வாழும்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒவ்வொரு நாளும் முதல் நாளைப் போல அழுதுகொண்டிருக்க முடியாது. மறப்பு அவளுக்கு மருந்து.

ஆனால் அம்மருந்து யாருக்குரியது என்று கேட்டல் வேண்டும். கடனை மறந்துவிடுகிறேன் என்று கடன் கொடுத்தவர் சொன்னால் அது பெருந்தன்மை. கடன் வாங்கியவர் சொன்னால் அதற்கு வேறு பெயர். வெளியே நின்று கும்பிட்டவர் அதை மறந்து உள்ளே வந்து கற்பூரம் கொளுத்தினால் அது அவருடைய உயர்வு. உள்ளே நின்றவர் அவருக்காகத் தான் மறந்துவிட முடியாது. ஒற்றுமை குலையும் என்ற அச்சமும் உண்மையை நோக்கினால் அவ்வளவு பொருத்தமாகத் தெரியவில்லை. பெயர் விடுபட்டவர் ஒன்றுகூடலுக்கு வருவதில்லை, வராதவரோடு சண்டையும் இல்லை. அந்த அமைதியை ஒற்றுமை என்று எண்ணுவது தவறு.

இதனால் இனிய நினைவுகளைப் பேசலாகாது என்பதன்று. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியிலே மூழ்கி எழுந்த குளிர்ச்சி பொய்யன்று. தேர்த் திருவிழாவுக்கு இரவிரவாக மாவிலைத் தோரணம் கட்டியதும் பொய்யன்று. அயலாரும் அதே நாளை என்னவாக நினைக்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அந்த இனிமைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. பங்குக் கிணற்றிலே தன் முறைக்கு இறைத்தவருக்கு அடுத்தவரின் முறையும் தெரிந்திருந்தது.

2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலே யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்திற்கு வந்தது, 2015ஆம் ஆண்டு சனவரியிற் காங்கேசன்துறைக்கும் வந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பலாலியிலே சர்வதேச விமான நிலையமும் திறக்கப்பட்டது. ஆனால் 2024ஆம் ஆண்டு முடிவிலும் பலாலிப் பக்கத்துக் காணிகள் முழுவதும் விடுவிக்கப்பட்டிருக்கவில்லை. நலன்புரி நிலையங்களிற் பிறந்த பிள்ளைகள் இப்போது தாமே பிள்ளை பெற்றவர்களாகிவிட்டார்கள். அவர்கள் அந்தக் காணிகளிற் காலடி வைத்ததில்லை. காணிகள் ஒரு நாள் திறக்கப்படும்போது கிணற்றிலிருந்து வாசற்படிக்கு எத்தனை அடி என்று சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். சிலர் கொழும்பிலும், சிலர் சுன்னாகத்திலும், சிலர் பனி கொட்டும் நாடுகளில் முதியோர் இல்லங்களிலும் இருக்கிறார்கள். வருடாவருடம் அவர்களின் மரண அறிவித்தல்கள் பத்திரிகையில் வந்துகொண்டிருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே ஒருவர் போய்க் கொப்பியும் பேனாவுமாக அருகில் இருந்து, கிழக்கே யார், வடக்கே யார், மேற்கே யார், தெற்கே யார், கிணற்றில் யார் யாருக்குப் பங்கு, யாருக்குப் பங்கு கொடுக்கப்படவில்லை என்று கேட்டு எழுதலாம். அதற்கு நிதி சேர்க்க வேண்டியதில்லை, கூட்டம் கூட்ட வேண்டியதுமில்லை. ஒரு பிற்பகல் போதும்.